எல்லாரும் உடனுக்குடன் பதில் போடுகிறார்கள், ஆனால் தப்பு நடந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. என்ன செய்யலாம்?

பேரேடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன். இரண்டு வாரமாக மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிற விஷயம்.

நான் ஒரு கணக்குப் பிரிவில் டீம் லீடர். என்னையும் சேர்த்து எட்டுப் பேர். மூன்று பேர் அலுவலகத்திலிருந்து, மற்றவர்கள் வீட்டிலிருந்து. சப்ளையர்களுக்குப் பணம் அனுப்புவது, வங்கி ஸ்டேட்மென்ட்டோடு கணக்கை ஒத்துப்பார்ப்பது, மாதக் கடைசியில் அந்த மாதக் கணக்கை முடித்து மூடும் கிளோசிங், இதுதான் எங்கள் பிழைப்பு. சில வருடங்களுக்கு முன்பு வரை எல்லாரும் ஒரே அறையில் இருந்தோம். "இந்த இன்வாய்ஸை யார் பார்த்தது?" என்று ஒருவர் சத்தமாகக் கேட்டால் பக்கத்து மேசையிலிருந்து பதில் வந்துவிடும். யார் திணறுகிறார்கள் என்பது முதுகைப் பார்த்தாலே தெரியும். இன்று அந்த அறையின் இடத்தில் ஒரு வாட்ஸ்அப் குரூப், டீம்ஸ் என்ற அலுவலகச் செயலியில் நான்கு சேனல், அப்புறம் மெயில்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. கேள்வி போட்டால் இரண்டு நிமிடத்தில் பதில். கட்டைவிரல் குறி வரிசையாக வந்து விழும். பழைய அறையில்கூட இவ்வளவு வேகம் இருந்ததில்லை. ஆனால் போன மாதக் கிளோசிங்கில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு சப்ளையரின் ஒரே இன்வாய்ஸ் இரண்டு தடவை பதிவாகிவிட்டது. ஒரு தடவை எண்ணுக்கு நடுவே கோடு போட்டு, இன்னொரு தடவை கோடு இல்லாமல். மென்பொருளுக்கு அவை இரண்டு வேறு இன்வாய்ஸ். பணம் இரண்டு முறை போய்விட்டது. பதிவு செய்தவள் எங்களிடம் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆன பெண். புதன்கிழமை இரவே அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள்.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், அன்று இரவு 11:20க்கு நானும் விழித்திருந்தேன். குரூப்பைத் திறந்து வைத்திருந்தேன். மேலே அவள் பெயரும் "டைப் செய்கிறார்" என்பதும் வந்தன. மறைந்தன. மறுபடி வந்தன. நான்கைந்து தடவை இப்படி. மெசேஜ் எதுவும் வரவில்லை. லீவு கேட்க யோசிக்கிறாள் போலிருக்கிறது, காலையில் கேட்டுக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் மறந்தும் போனேன்.

அடுத்த திங்கட்கிழமை வங்கிக் கணக்கை ஒத்துப்பார்த்தவர்தான் அந்த இரட்டைப் பேமெண்ட்டைப் பிடித்தார். அதற்குள் அந்தச் சப்ளையர் அதிகப்படிப் பணத்தை வேறு ஒரு பழைய பாக்கியில் கழித்துக்கொண்டு விட்டார். அதைப் பிரித்தெடுக்க எங்களுக்கு மூன்று நாள் ஆயிற்று. வியாழக்கிழமை காலையில் தெரிந்திருந்தால் ஒரு போனில் முடிந்திருக்கும்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "புதன்கிழமையே எழுதினேன் மேடம். எழுத எழுத அது ஏதோ பெரிய குற்றம் மாதிரி ஆகிக்கொண்டே போயிற்று. எல்லாரும் படிப்பார்கள், நீல டிக் வரும், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அந்த அமைதியை நினைத்ததும் அழித்துவிட்டேன்" என்றாள். பழைய அறையாக இருந்தால் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பாள். "சொல்லும்மா" என்றிருப்பேன். அவ்வளவுதான்.

அன்று மாலை குரூப்பில் பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். எட்டு மாதம் முன்னால் இன்னொரு தம்பி ஒரு பேமெண்ட் ஃபைலில் தப்பு செய்திருந்தான். நான் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு வட்டம் போட்டு, கீழே "இது எப்படி நடந்தது?" என்று எழுதியிருக்கிறேன். எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன், சத்தியமாக. ஆனால் இன்று படித்தபோது எனக்கே அது அதட்டலாகத்தான் கேட்டது. அதற்கு முன்பெல்லாம் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது "தப்பாகப் போட்டுவிட்டேன், சரிசெய்கிறேன்" என்று எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வரி, எட்டு மாதம்.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளையைத் தூங்க வைத்த பிறகுதான் எனக்கு மூளை ஓடும். நினைவுக்கு வந்ததை மறக்காமல் இருக்க அப்போதே மெசேஜ் போட்டுவிடுவேன், "நாளைக்குப் பார்த்தால் போதும்" என்ற குறிப்போடுதான். ஆனால் எங்கள் டீமிலேயே மூத்தவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான்கு நிமிடத்தில் பதில் போட்டுவிடுவார். ஏன் சார் என்று கேட்டால், "நீங்கள் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரிந்த பிறகு எப்படிம்மா தூங்குவது?" என்கிறார்.

இரட்டைப் பேமெண்ட் விஷயம் மேலே போனதும் என் மேனேஜர் ஒரு கண்காணிப்பு மென்பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திரையைப் படம் பிடிக்குமாம், விசைப்பலகையில் எத்தனை முறை தட்டினார்கள் என்று எண்ணுமாம். என் கருத்தை அடுத்த வாரக் கடைசிக்குள் எழுத்தில் கேட்கிறார். எனக்கு உள்ளுக்குள் அது தவறு என்று தெரிகிறது, ஆனால் எதைச் சொல்லி மறுப்பது என்று தெரியவில்லை. இப்படிப்பட்ட நிலையிலிருந்து ஒரு டீமை மீட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

இரவுப்பணி பதில்:

அக்கா, அந்த மென்பொருளின் கீழ் மூன்று வருடம் வேலை பார்த்தவள் நான். தயவுசெய்து விடாதீர்கள்.

என் வேலை கிளெய்ம் ஃபைல்களைப் படித்து முடிவு சொல்வது. ஒரு ஃபைல் அறுபது எழுபது பக்கம் வரும். படிக்கும்போது கை விசைப்பலகையில் இருக்காது. டீம்ஸில் ஐந்து நிமிடம் கை அசையாவிட்டாலே, ஆள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடும். எங்கள் மென்பொருளோ இன்னும் மோசம், அதை "செயலற்ற நேரம்" என்று தனியாகக் கூட்டி வெள்ளிக்கிழமை அறிக்கையில் போடும். அதனால் வலது கையால் குறிப்பு எழுதிக்கொண்டே இடது கையால் மவுஸை நகர்த்தப் பழகினேன். நான் மிகக் கவனமாக வேலை செய்த நாட்கள்தான் அறிக்கையில் மிக மோசமாக வந்தன. சிக்கலான ஃபைல் வந்தால் அதை ஒதுக்கிவிட்டு, சீக்கிரம் முடிகிற ஃபைலை எடுக்க ஆரம்பித்தேன். இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது, ஏனென்றால் ஒதுக்கிய ஒவ்வொரு ஃபைலுக்குப் பின்னாலும் ஒரு குடும்பம் காத்திருந்தது.

ஆனால் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பேன். சந்தேகம் என்று போன் செய்வார்கள், கால் மணி நேரம் பேசுவேன். அந்தக் கால் மணி நேரமும் "செயலற்ற நேரம்"தான். மூன்றாவது மாதத்திலிருந்து "மெயில் போடுப்பா" என்று சொல்ல ஆரம்பித்தேன். ஆறாவது மாதம் அவர்கள் கேட்பதையே விட்டுவிட்டார்கள். யாரும் யாருக்கும் எதிரியாகவில்லை, சண்டை எதுவும் இல்லை. அவரவர் திரைக்குள் அவரவர் ஒடுங்கிக்கொண்டோம்.

உங்கள் மேனேஜருக்கு இதை எழுதுங்கள்: அந்தப் பெண் புதன்கிழமை இரவு 11:20க்கு டைப் செய்து அழித்துக்கொண்டிருந்தபோது இந்த மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால் என்ன காட்டியிருக்கும்? "இந்த ஊழியர் வேலை செய்கிறார்" என்று காட்டியிருக்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியிருந்த ஒரே தகவல் அவள் மனதில் இருந்தது. எத்தனை ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலும் அது அதில் விழாது.

---

ஈரிழை பதில்:

மனித விஷயத்தை மற்றவர்கள் சொல்லட்டும், நான் இன்வாய்ஸ் விஷயத்தை மட்டும் சொல்கிறேன். இன்வாய்ஸ் எண்ணில் உள்ள கோடு, சாய்கோடு, இடைவெளி, முன்னால் வரும் பூஜ்யம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒப்பிடும்படி உங்கள் சிஸ்டம் ஆட்களிடம் ஒரு சோதனை வைக்கச் சொல்லுங்கள். அதோடு சப்ளையர், தொகை, இன்வாய்ஸ் தேதி மூன்றும் ஒத்துப்போனால் பேமெண்ட் ஃபைல் உருவாகும் முன்பே எச்சரிக்கை வர வேண்டும். முடியாது என்றால், பேமெண்ட்டுக்கு முதல் நாள் பட்டியலை எக்செலில் இறக்கித் தொகை வாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தாலே பாதி மாட்டிவிடும். சிஸ்டம் தடுத்திருக்க வேண்டிய தப்பை ஒரு பெண் தன் தப்பாகச் சுமந்திருக்கிறாள். இதையும் அவளிடம் சொல்லுங்கள்.

---

பழைய நிர்வாகி பதில்:

அம்மா, நான் மனிதவளத் துறையில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். "அந்த அமைதியை நினைத்ததும் அழித்துவிட்டேன்" என்ற வரியை இரண்டு முறை படித்தேன்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள வார்டுகளில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் போனார். கணக்கெடுத்தால் அங்கேதான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பிறகுதான் புரிந்தது, அங்கே தவறு அதிகம் நடக்கவில்லை, அதிகம் வெளியே சொல்லப்பட்டது. மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். உங்கள் குரூப்பில் எட்டு மாதமாக ஒரு தப்பும் பதிவாகவில்லை என்பதை உங்கள் மேனேஜர் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு இந்த வார்டுகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

"இது எப்படி நடந்தது?" என்ற வரிக்காக உங்களை நீங்களே ரொம்பவும் வதைத்துக்கொள்ள வேண்டாம். இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கோலஸ் எப்லி ஆகியோரின் 2005ஆம் ஆண்டு ஆய்வில் சிலரைக் கிண்டலாகவும் நேராகவும் வாக்கியங்களை மின்னஞ்சலில் எழுதச் சொன்னார்கள். படிப்பவர் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்வார் என்று எழுதியவர்கள் நம்பினார்கள். உண்மையில் புரிந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும். எழுதும்போது நம் காதில் நம் குரல் கேட்கிறது, படிப்பவர் காதில் அவருடைய பயம் கேட்கிறது. அன்று அந்தத் தம்பி கேட்டது உங்கள் குரலை அல்ல.

இரவு மெசேஜ் விஷயத்தில் மட்டும் உங்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். லாரா ஜியூர்ஜ், வனெசா போன்ஸ் இருவரும் 2021இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். வேலை நேரத்துக்கு வெளியே வரும் மெயிலுக்கு எவ்வளவு சீக்கிரம் பதில் எதிர்பார்க்கப்படுகிறது என்பதைப் பெறுபவர் பொதுவாகக் கூட்டியே மதிப்பிடுகிறார். "அவசரமில்லை" என்று ஒரு வரி சேர்த்தால் அந்த எண்ணம் குறைகிறது என்றும் கண்டார்கள். அந்த வரியைத்தான் நீங்களும் எழுதுகிறீர்கள். ஆனால் உங்கள் மூத்தவருக்கு அது போதவில்லை. அவருக்கு நீங்கள் வயதில் சின்னவர், பதவியில் மேலே. அந்தக் கூச்சத்தை ஒரு வரி ஆற்றாது. மெயிலிலும் டீம்ஸிலும் நேரம் குறித்து அனுப்பும் வசதி இருக்கிறது. இரவு எழுதுங்கள், காலை ஒன்பது மணிக்குப் போய்ச் சேரட்டும். நினைவுக்கு வந்ததைப் பிடித்து வைப்பது உங்கள் தேவை. அதற்கு அவர் தலையணைப் பக்கம் வெளிச்சம் எரிய வேண்டியதில்லை.

இது உங்கள் ஒருவர் பிரச்சினையும் அல்ல. பிரான்ஸில் 2017 ஜனவரி முதல், ஐம்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை பற்றி ஊழியர் தரப்போடு பேச்சுவார்த்தை நடத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. அங்கே வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்தியைப் பார்க்காமலும் பதில் போடாமலும் இருக்க ஊழியருக்கு உரிமை உண்டு, மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை. ஆனால் என் அனுபவத்தில் சட்டம் வந்தும் டீம் லீடர் மாறாவிட்டால் ஒன்றும் மாறுவதில்லை.

இன்னும் ஒன்று, இதுதான் எனக்கு மிகவும் உதவியது. சிர்க்கா யார்வென்பா, டோரதி லைட்னர் இருவரும் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் நேரில் பார்க்காமலே வேலை செய்த குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதினார்கள். கடைசிவரை நம்பிக்கை நிலைத்த குழுக்களில் தொடர்பு ஓர் ஒழுங்கோடு இருந்தது. இன்ன நேரத்துக்கு வருவேன் என்றால் வந்தார்கள், வர முடியாது என்றால் முன்கூட்டியே சொன்னார்கள், பதிலில் சரக்கு இருந்தது. உங்களிடம் வேகம் நிறைய இருக்கிறது. எப்போது, யாரிடமிருந்து, எப்படிப்பட்ட பதில் வரும் என்பதுதான் உங்கள் ஆட்களுக்குத் தெரியவில்லை. கெட்ட செய்தி சொன்னால் என்ன நடக்கும் என்று தெரியாத இடத்தில் யார் சொல்வார்கள்? என் யோசனை, தப்பு சம்பந்தப்பட்ட எதையும் குரூப்பில் பேசாதீர்கள். போன் எடுத்துக் குரலில் பேசுங்கள்.

---

எழுத்தாணி பதில்:

பழைய நிர்வாகி ஐயா சொன்னதில் கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் ஏற்கிறேன். அந்தக் கடைசி வரிக்கு மட்டும் ஒரு மறுப்பு.

எனக்குச் சிறுவயதிலிருந்தே காது சரியாகக் கேட்காது. இரண்டு காதிலும் கருவி. எல்லாரும் ஏங்குகிற அந்தப் பழைய அறையில் நான் ஆறு வருடம் இருந்திருக்கிறேன். ஒருவர் பேசும்போது அவர் உதட்டைப் பார்ப்பேன், அதற்குள் இன்னொருவர் ஆரம்பித்துவிடுவார், தலையைத் திருப்புவதற்குள் எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மீட்டிங் முடிந்து வெளியே வந்து, என்ன முடிவாயிற்று என்று ஒருவரைத் தனியாகப் பிடித்துக் கேட்பேன். ஒரு நாள் அந்த ஒருவர் லீவு. முடிவு தெரியாமல் பழைய வரைபடத்தை வைத்தே இரண்டு நாள் வேலை செய்தேன். அதற்கு வாங்கிய திட்டையும் உதட்டில்தான் படித்தேன்.

டீம் முழுக்கச் சாட்டுக்கு வந்த பிறகுதான் முதல் தடவையாக எல்லாருக்கும் கிடைக்கிற தகவல் எனக்கும் அதே நேரத்தில் கிடைத்தது. கேள்வி கேட்க ஆரம்பித்தேன். மாற்றுக் கருத்து சொல்ல ஆரம்பித்தேன். "நீங்கள் இவ்வளவு பேசுவீர்கள் என்றே தெரியாது" என்று கூட வேலை செய்த தோழி ஒருவர் எழுதினார். எனக்கு நம்பிக்கை வந்ததே எழுத்தில்தான். எழுத்து அங்கேயே இருக்கும். நடைபாதையில் கொடுத்த வாக்கை "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்று மறுத்துவிடலாம். எழுதியதை மறுக்க முடியாது.

இப்போது நிலைமை மறுபடி திரும்புகிறது. ஆள் ஆளுக்கு மூன்று நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறார்கள். வீடியோ மீட்டிங்கில் ஓடும் எழுத்து வரிகள் ஓரிரு நொடி தாமதமாக வரும், பெயர்களையும் எண்களையும் தப்பாகப் போடும். ஆறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அதுவும் இல்லை. இந்த நிலையில் "கஷ்டமான விஷயத்தைக் குரலில் பேசுங்கள்" என்று விதி போட்டால் என்னைப் போன்றவனுக்கு அது கதவைச் சாத்துவது மாதிரி.

சகோதரி, அந்தப் பெண்ணைத் தடுத்தது எழுத்து அல்ல என்று நினைக்கிறேன். எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிற மேடையில் எழுத வேண்டியிருந்ததுதான் தடுத்தது. பழைய அறையிலும் அவள் நடு அறையில் நின்று கத்தியிருக்க மாட்டாள், உங்கள் நாற்காலிப் பக்கம்தான் வந்திருப்பாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதனால் விதி போடுவதற்கு முன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேளுங்கள்: "எனக்குப் பிடிக்காத ஒரு செய்தியை என்னிடம் சொல்ல வேண்டியிருந்தால், எந்த வழியில் சொல்வது உனக்குச் சுலபம்?" என்று. என்னிடம் இதுவரை எந்த மேனேஜரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு நொடியில் பதில் சொல்லியிருப்பேன்.

---

பேரேடு பதில்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மேனேஜருக்கு ஒரு பக்கத்தில் எழுதினேன். இரவுப்பணி கேட்ட கேள்வியை அப்படியே வைத்தேன், கீழே அந்த மருத்துவமனை வார்டுகளைப் பற்றி ஒரு பத்தி. மென்பொருளை ஆறு மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார். வேண்டாம் என்று முழுதாகச் சொல்லவில்லை. ஆனால் ஈரிழை சொன்ன சோதனையைச் செய்யச் சிஸ்டம் ஆட்களுக்கு அன்றே உத்தரவு போட்டுவிட்டார். ஓடவிட்டதும் பழைய பதிவுகளில் இன்னொரு இரட்டை இன்வாய்ஸ் கிடைத்தது. அது நான் ஒப்புதல் கொடுத்தது. அதைக் குரூப்பில் நானே எழுதினேன், என் பெயரோடு.

அந்தத் தம்பியிடம் மன்னிப்பு கேட்டேன். தனியாகக் கேட்கலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் சிவப்பு வட்டம் எல்லாரும் பார்க்கத்தானே போட்டேன்? அதனால் அதே குரூப்பில், அதே பழைய மெசேஜுக்குப் பதிலாக எழுதினேன். இரண்டு மணி நேரம் குரூப்பில் யாரும் எதுவும் எழுதவில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அந்தப் பெண் சொன்ன அமைதி எப்படி இருக்கும் என்று எனக்கு உறைத்தது. அப்புறம் அவன் "பரவாயில்லை அக்கா, அந்த வாரம் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார், சொல்லத் தோன்றவில்லை" என்று எழுதினான். எட்டு மாதமாக எனக்கு அது தெரியாது.

எழுத்தாணி சொன்ன கேள்வியை ஏழு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். ஏழு பேரும் ஒரே பதில் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆச்சரியம். அந்தப் பெண்ணுக்குப் போன். தம்பிக்கு எனக்கு மட்டும் வரும் மெயில், "யோசித்து எழுத நேரம் வேண்டும்" என்றான். ஒருவர் முதலில் ஒரு வரி மெசேஜ் போட்டுவிட்டு, நான் "பேசலாமா" என்று கேட்ட பிறகு பேசுவதுதான் வசதி என்றார். இன்னொருவர், பதினோரு வருடமாக என்னோடு இருப்பவர், "நான் உங்களிடம் எப்படி வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் நீங்கள் எனக்கு எதையும் குரூப்பில் சொல்லாதீர்கள்" என்றார். இத்தனையையும் ஒரு தாளில் எழுதி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

காலையில் பத்து நிமிடம் வீடியோவில் கூடலாம் என்று ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் விட்டுவிட்டோம். எல்லாரும் அட்டெண்டன்ஸ் கொடுப்பது போல உட்கார்ந்திருந்தார்கள்.

இரவில் நான் மெசேஜ் அனுப்புவதில்லை. எழுதி, காலை ஒன்பதே காலுக்கு நேரம் குறித்து வைத்துவிடுகிறேன். வாட்ஸ்அப்பில் வேலை பேசுவதே இல்லை என்று முடிவு செய்திருக்கிறோம், நிஜமான அவசரம் என்றால் போன் மட்டும். மூன்று வாரத்தில் அப்படி ஒரு போன்தான் வந்தது, அதுவும் பேங்க் சர்வர் படுத்த அன்று.

போன செவ்வாய்க்கிழமை நான் கிளம்பும் நேரத்தில் அந்தப் பெண் கூப்பிட்டாள். "மேடம், ஒரு என்ட்ரியைத் தப்பான கணக்குத் தலைப்பில் போட்டுவிட்டேன், இப்போதுதான் பார்த்தேன்." பையைக் கீழே வைத்துவிட்டு "சொல்லும்மா" என்றேன். வவுச்சர் எண்ணைச் சொன்னாள். இரண்டு நிமிடத்தில் மாற்றிவிட்டோம். வைக்கும் முன் கொஞ்சம் தயங்கி, "அவ்வளவுதானா மேடம்?" என்றாள். "அவ்வளவுதான்" என்றேன்.

தீராதது ஒன்று பாக்கி இருக்கிறது. எங்கள் மூத்தவர் இன்னும் தூங்குவதில்லை. நான் இரவில் ஒன்றும் அனுப்பாமல் இருந்தும், காலையில் பார்த்தால் 12:40க்கு ஒரு ஃபைலைத் திறந்திருக்கிறார், 1:15க்கு ஒரு சின்னக் கமெண்ட் போட்டிருக்கிறார். கேட்டால் "ஏதாவது வந்திருக்குமோ என்று பார்த்தேன்மா, வரவில்லை, சரி கையோடு ஒரு வேலையை முடிக்கலாம் என்று" என்கிறார். பல வருடமாகப் போனைத் தலைமாட்டில் வைத்துப் பழகிவிட்டார். அவருக்கு ஓய்வு பெற இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. பழைய நிர்வாகி ஐயா, அவரை நான் அதட்டிச் சொல்ல முடியாது, கெஞ்சியும் பார்த்துவிட்டேன். இவரைப் போன்ற ஒருவரிடம் எப்படிப் பேசினீர்கள்?